துயிலெழுப்பும் நிரல்

மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போகிறோம். மறுநாள் மூடியைத் திறந்தால், பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் முடிவில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலைக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் இந்தச் சிறு நிகழ்ச்சி ஓரளவு நம்பிக்கையாக நடப்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கணினியை உறங்க வைப்பது எளிது. ஒவ்வொரு சாதனத்துக்கும் போகும் மின்சாரத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்தால் போதும். எழுப்புவதுதான் கும்பகர்ணன் கதை. அவனை எழுப்பியவர்களாவது அவன் அசைகிறானா என்று அருகில் நின்று பார்க்க முடிந்தது. கணினியை எழுப்பும் நிரலை எழுதியவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

அந்த நிரலைப் பற்றியும், அதை எழுதியவர்களோடு சேர்ந்து அதைப் படித்தவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல முயல்கிறேன். உதாரணத்துக்கு லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸிலும் மாக்கிலும் இதே இடர்ப்பாடுகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே நடந்தவை நிறுவனங்களின் சுவர்களுக்குள் நடந்தவை. லினக்ஸின் மூலநிரலும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் சொல்லப்பட்ட காரணமும், அதன்மீது நடந்த வாதங்களும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் கிடக்கின்றன. வரலாறு எழுத விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல ஆவணக் களஞ்சியம் கிடைக்காது.

உறக்கத்துக்கு ஒரு விதிநூல்

1992ஆம் ஆண்டு இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் உறக்கமும் விழிப்பும் பயாஸின் பொறுப்பு. பயாஸ் என்பது தாய்ப்பலகையின் சில்லில் தயாரிப்பாளரே பதித்துத் தரும் அடிப்படை மென்பொருள். இயங்குதளம் 'தூங்கலாம்' என்று தலையசைத்தால் போதும், மிச்சத்தை பயாஸ் பார்த்துக்கொள்ளும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் இயங்குதளம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது பயாஸுக்குத் தெரியாது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்ற புதிய விதிநூலை வெளியிட்டன. அதிகாரம் இயங்குதளத்தின் கைக்கு மாறியது. உறக்கத்தின் ஆழத்தை எஸ்-1 முதல் எஸ்-5 வரை படிப்படியாக அது வகுத்தது. இவற்றுள் எஸ்-3 என்பதே நாம் பேசப்போகும் உறக்கம். அதில் மையச் செயலிக்கு மின்சாரம் இல்லை, திரைக்கு இல்லை, வட்டுக்கு இல்லை. நினைவகத்துக்கு மட்டும், அதில் உள்ளவை அழியாமல் இருக்கத் தேவையான அளவு, சிறிது மின்சாரம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும்.

அதிகாரம் மாறியதே தவிர அறிவு முழுவதும் மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட தாய்ப்பலகையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது அதைச் செய்தவருக்கே தெரியும். அவர் அந்த அறிவைச் சிறு சிறு நிரல்களாக எழுதி பயாஸில் வைப்பார். இயங்குதளம் அவற்றை எடுத்து, வரிக்கு வரி பொருள் கண்டு நிறைவேற்ற வேண்டும். அந்த நிரல்கள் 'நீ எந்த இயங்குதளம்?' என்று கேட்கவும் விதிநூல் இடம் தருகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் பயாஸை விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்தார்கள். வேறு விடை கிடைத்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் கவனமாக எழுதவில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு லினக்ஸ் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டது. வேற்றூரில் வேலை தேடிப் போகிறவன் பெயரை மாற்றிச் சொல்வதைப் போன்ற தந்திரம் இது.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தையும் குறிப்பிட வேண்டும். மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில், பில் கேட்ஸ் 1999 ஜனவரியில் எழுதிய மின்னஞ்சல் ஒன்று சான்றாக வைக்கப்பட்டு, 2007இல் பலராலும் படிக்கப்பட்டது. நாமும் நம் கூட்டாளிகளும் பாடுபட்டு உருவாக்கும் இந்த ஏற்பாட்டில் லினக்ஸும் செலவில்லாமல் நன்றாக ஓடிவிடுமே என்று அதில் அவர் குறைப்படுகிறார். இந்த நீட்டிப்புகளை எப்படியாவது விண்டோஸுக்கே உரியதாக்க முடியுமா என்றும் கேட்கிறார். அப்படிச் செய்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதம் மட்டுமே சான்றாகாது. ஆனால் ஒரு கணினியை எழுப்பும் அறிவு யாருடைய உடைமை என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது என்பதற்கு அது போதுமான சான்று.

1978இல் கண்விழித்தல்

எஸ்-3 உறக்கத்திலிருந்து ஒரு கணினி எழும்போது நடப்பது என்ன? செயலிக்கு மின்சாரம் வருகிறது. அதற்கு எதுவும் நினைவில்லை. முதலில் பயாஸ் ஓடுகிறது. இது புதிய தொடக்கமா, உறக்கத்திலிருந்து எழுதலா என்று ஒரு குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. எழுதல் என்றால், இயங்குதளம் தூங்கும் முன் ஓர் அட்டவணையில் எழுதிவைத்த முகவரியை எடுத்து அங்கே தாவுகிறது. அத்துடன் பயாஸின் கடமை முடிந்தது.

அந்தத் தாவலின் மறுபக்கம்தான் விசித்திரம். நேற்றிரவு அறுபத்துநான்கு பிட் செயலியாக உறங்கப் போன இன்டெல் வகைச் செயலி, கண்விழிக்கும்போது 1978இல் வெளிவந்த 8086 செயலியாக இருக்கிறது. பதினாறு பிட் கணக்கு, ஒரு மெகாபைட்டுக்கு மேல் முகவரி இல்லை, ஒரு நிரலை இன்னொன்றிடமிருந்து காக்கும் அரண் எதுவும் இல்லை. பழைய மென்பொருள்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறையும் தன் மூதாதையின் வடிவிலேயே பிறக்கிறது. பிறகு 1982இல் 80286 கொண்டுவந்த பாதுகாப்பு நிலைக்கும், 1985இல் 80386 கொண்டுவந்த முப்பத்திரண்டு பிட்டுக்கும், 2003இல் ஏ.எம்.டி. கொண்டுவந்த அறுபத்துநான்கு பிட்டுக்கும் ஒவ்வொரு படியாக ஏறி வரவேண்டும். இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை ஒரு கண்ணிமைப்புக்குள் கடப்பதே எழுப்பும் நிரலின் வேலை. அதற்காகத்தான் அந்த நிரல் நினைவகத்தின் முதல் மெகாபைட்டுக்குள் எங்காவது ஒரு மூலையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேறெங்கு வைத்தாலும் விழித்தெழும் செயலியின் கைக்கு அது எட்டாது.

லினக்ஸில் இந்த நிரலை 2001 முதல் பாட்ரிக் மோஷெலும் பாவெல் மாஹெக்கும் எழுதத் தொடங்கினார்கள். முழுக்க அசெம்பிளி மொழி. சில நூறு வரிகள்தாம். ஆனால் அந்த வரிகளில் ஒன்று பிசகினாலும் பிழைச்செய்தி வராது. திரை கறுப்பாகவே இருக்கும். விசிறி மட்டும் சுழலும். பயனர் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைப்பார், சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும்.

சாட்சி இல்லாத இடம்

சாதாரண நிரலில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. நடந்ததை ஒரு கோப்பில் பதிவுசெய்யலாம், திரையில் அச்சிடலாம், வேறொரு கணினியிலிருந்து கவனிக்கலாம். விழிப்பின் முதல் கணத்தில் இவை எதுவும் இல்லை. வட்டு எழவில்லை, வலைப்பின்னல் எழவில்லை, திரையும் எழவில்லை. அந்தப் பழைய அசெம்பிளி நிரலைப் படித்துப் பார்க்கிறவர் ஒரு வேடிக்கையைக் காண்பார். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் அது வீடியோ நினைவகத்தில் ஓர் ஆங்கில எழுத்தை எழுதிவிட்டுப் போகிறது. எல்லாம் சரியாக நடந்தால் அந்த எழுத்துகள் சேர்ந்து 'லினக்ஸ்' என்ற பெயராகும். நடுவில் நின்றால், எந்த எழுத்தோடு நின்றது என்பதே துப்பு. காட்டுவழியில் போகிறவன் மரத்துக்கு மரம் கொத்திவைக்கும் அடையாளம் போன்றது.

இதனுடன் ஒரு காவல் எண்ணும் உண்டு. தூங்கும் முன் நினைவகத்தில் 12345678 என்ற எண்ணை (பதினாறடி எண்முறையில்) வைத்துவிட்டுப் போவார்கள். எழுந்ததும் அந்த எண் அங்கேயே இருக்கிறதா என்று நிரல் முதலில் பார்க்கும். இல்லையென்றால் நினைவகம் கெட்டுவிட்டது, அல்லது வழிதவறி வந்திருக்கிறோம் என்று பொருள். அப்போது அது மேற்கொண்டு எதையும் செய்யாமல் அதே இடத்தில் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். தெரியாத நிலையில் தொடர்ந்து ஓடிப் பயனரின் வட்டைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்ற முடிவு அதில் இருக்கிறது.

ஆனால் எழுத்து அடையாளத்துக்கு ஒரு குறை. திரை எழுந்தால்தானே எழுத்து தெரியும்? கணினி புதிதாகத் தொடங்கும்போது வீடியோ அட்டையைத் தயார்செய்வது பயாஸ். உறக்கத்திலிருந்து எழும்போது பல பயாஸ்கள் அதைச் செய்வதில்லை. அட்டையை எப்படித் தயார்செய்வது என்பதைத் தயாரிப்பாளர்கள் பலர் வெளியே சொல்லவுமில்லை. ஆக, கணினி முழுதாக எழுந்து, விசைப்பலகையும் வட்டும் வேலைசெய்து, திரை மட்டும் இருண்டே கிடக்கும் நிலை சர்வசாதாரணம். இதற்கென்றே மாஹெக் ஓர் ஆவணத்தைத் தொகுத்து கெர்னலுடன் வைத்தார். எந்த மாதிரிக் கணினியில் எந்தத் தந்திரம் பலித்தது என்ற நீண்ட பட்டியல் அது. சிலவற்றில் ஒன்றும் செய்ய வேண்டாம். சிலவற்றில் வீடியோ பயாஸை மறுபடி அழைக்க வேண்டும். சிலவற்றில் திரையின் நிலையை மீண்டும் அமைக்க வேண்டும். அட்டையைச் செய்தவர்கள் சொல்லாததைப் பயனர்கள் பலர் தங்கள் கணினியில் சோதித்து அனுப்பிய விவரங்களால் இட்டு நிரப்பிய பட்டியல் அது.

கடிகாரத்தில் எழுதிய குறிப்பு

2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தச் சிக்கலுக்குத் தன் பங்குக்கு ஒரு சாட்சியைத் தேடினார். விழிக்கும் வழியில் கணினி உறைந்துவிட்டது, அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. அப்படி அணைத்து மீண்டும் தொடங்கும்போதும் அழியாமல் இருக்கும் பொருள் கணினியில் எது? நினைவகம் அழிந்துவிடும். கடிகாரச் சில்லில் சிறிது சேமிப்பிடம் உண்டு, ஆனால் தொடக்கத்தில் பயாஸ் அதைத் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது கடிகாரம் காட்டும் நேரம் ஒன்றுதான். மின்கலத்தின் உதவியால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் நேரத்தின் மீதே எழுதினார். ஆண்டுக்கு 100, மாதத்துக்கு 12, நாளுக்கு 28, மணிக்கு 24. நிமிடத்தை அப்படியே நம்ப முடியாது, அணைத்துத் தொடங்குவதற்குள் இரண்டொரு நிமிடம் ஓடிவிடும். ஆகவே மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 20. பெருக்கினால் 1,61,28,000. இவ்வளவுதான் சேமிக்கக்கூடிய தகவல், இருபத்துநான்கு பிட்டுக்கும் சற்றுக் குறைவு. இதற்குள் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சாதனத்தின் பெயரையும் எழுத முடியாது. ஆகவே அவற்றைச் சுருக்கிக் குறியெண்களாக்கினார். பொதுக் குறிப்புக்கு 16, நிரலின் இடத்துக்கு 997, சாதனத்துக்கு 1009. மூன்றையும் பெருக்கினால் 1,60,95,568. கிடைத்த இடத்துக்குள் அது கச்சிதமாக அடங்குகிறது. கணினியை மறுபடி தொடங்கும்போது கெர்னல் கடிகாரத்தைப் படித்து, எந்தக் குறியெண்ணோடு எந்த வரியும் எந்தச் சாதனமும் பொருந்துகின்றன என்று பார்த்துச் சொல்லும். கடிகாரம் ஏதோ ஒரு நூற்றாண்டின் ஏதோ ஒரு தேதியைக் காட்டும். அதைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த நிரலுக்கு மேலே அவர் எழுதியுள்ள குறிப்பு, இது எவ்வளவு அவலட்சணமான வேலை என்று தன்னையே கடிந்துகொண்டு தொடங்குகிறது. ஆனாலும் இதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அது படிப்படியாக வாதித்து நிறுவுகிறது. நிரலைவிட நீளமான நியாயம் சொல்லப்படும் இடங்கள் கெர்னலில் அபூர்வம்.

படிக்கக்கூடியதாக்குதல்

2008இல் மாஹெக் அந்த அசெம்பிளி நிரலின் பெரும்பகுதியைச் சி மொழிக்கு மாற்றினார். கணினி முதலில் தொடங்கும்போது ஓடும் நிரலும் உறக்கத்திலிருந்து எழும்போது ஓடும் நிரலும் ஒரே வேலையை இரு வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தன. திரையின் நிலையை அமைக்கும் பகுதியை இனி இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம். எச். பீட்டர் ஆன்வின் அந்தப் பகிர்வுக்கு வழிசெய்தார், சாம் ராவ்ன்பர்க் தொகுப்பு விதிகளைப் படித்துப் பார்த்தார், ரஃபேல் வைசோட்ஸ்கி சில இடங்களைத் துப்புரவாக்கினார். யார் எதைச் செய்தார் என்பது அந்தத் திருத்தத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. பழைய நிரலில் அடுக்கு முகவரியின் மேல் பதினாறு பிட்டுகள் துடைக்கப்படாமல் விடப்பட்டிருந்ததைச் சரிசெய்திருப்பதாகவும், அதனால் சில கணினிகள் ஒருவேளை குணமாகலாம் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. அந்த 'ஒருவேளை'யை நான் மதிக்கிறேன். எழுதியவரால் உலகத்துக் கணினிகளையெல்லாம் சோதிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் சொல் அது.

ஆன்வின் இன்னொன்றையும் சேர்த்தார். திரை இல்லாதபோது சாட்சி சொல்ல வேறு எது உண்டு? கணினியின் உள்ளே ஒரு சிறிய ஒலிபெருக்கி இருக்கிறது. பயனர் விரும்பிக் கேட்டுக்கொண்டால், எழுப்பும் நிரல் ஓடத் தொடங்கியதும் அந்த ஒலிபெருக்கியில் மோர்ஸ் தந்திக் குறியில் மூன்று குறில், ஒரு நெடில் ஒலிக்கும். குறிலுக்கு 880 ஹெர்ட்ஸ், நெடிலுக்கு 587. இது வெறும் விளையாட்டுதான், ஆனாலும் வேடிக்கையாக இருக்கிறது என்று நிரலிலேயே ஒரு குறிப்பும் உண்டு. விளையாட்டு என்றாலும் அதன் பயன் பெரிது. இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒலி கேட்டால் பயாஸ் தன் கடமையைச் செய்துவிட்டது, பிழை நம் பக்கம் என்று பொருள். கேட்காவிட்டால் பயாஸைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த ஆண்டின் விவாதம் வேறு வகையானது. சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினால் நேரம் ஆகிறது. பலவற்றை ஒரே நேரத்தில் எழுப்பலாமே என்று வைசோட்ஸ்கி 2009 டிசம்பரில் ஒரு தொகுதியை முன்வைத்தார். ஆனால் சாதனங்களுக்குள் தாய் பிள்ளை உறவு உண்டு. யு.எஸ்.பி. கட்டுப்படுத்தி எழுவதற்கு முன் அதில் செருகிய வட்டு எழ முடியாது. இந்த வரிசையைக் காக்கும் நிரல் தேவைக்கு மேல் சிக்கலாக இருக்கிறது, இதை நம்ப முடியவில்லை என்று டோர்வால்ட்ஸ் ஏற்க மறுத்தார். அலன் ஸ்டெர்ன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து நாள்கணக்கில் வாதிட்டார்கள். எந்த வகைப் பூட்டு, யார் யாருக்காகக் காத்திருப்பது என்று ஒவ்வொரு வரியும் அலசப்பட்டது. கடைசியில் எளிமையாக்கப்பட்ட வடிவம் 2010இல் சேர்க்கப்பட்டது. மறுக்கப்பட்டதனால் நிரல் மேம்பட்டது. மறுத்தவரின் வாதங்கள் அத்தனையும் வென்றுவிடவுமில்லை.

மறந்துபோனவை

விழிப்பில் வரும் பிழைகளுள் மிக மோசமானது கணினி எழாமல் போவது அன்று. எழுந்துவிட்டு, தான் எதையோ மறந்துவிட்டதை அறியாமல் இருப்பதுதான் மோசம்.

நினைவகத்தின் சில பக்கங்களில் உள்ளவற்றை நிரலாக ஓட விடக்கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு வசதி ஒன்று செயலியில் உண்டு. சில பயாஸ்கள் அதை அணைத்துவைத்தே கணினியைத் தந்தன. 2010இல் லினக்ஸ், தொடக்கத்திலேயே அந்த அணைப்பை நீக்கத் தொடங்கியது. உறங்கி எழும்போது பயாஸ் மறுபடியும் அணைத்துவிடும் என்பது அந்த மாற்றத்தில் கவனிக்கப்படவில்லை. வசதி இருப்பதாக நம்பி எழுதப்பட்ட பக்க அட்டவணையை, அந்த வசதி அணைந்த செயலி படித்துத் தடுமாறி விழுந்தது. தூங்கும் முன் அந்த அமைப்பைக் குறித்துவைத்து, எழுந்ததும் முதல் வேலையாக மீட்டுவைக்கும் திருத்தம் 2011இல் வந்தது. முதல் திருத்தத்தை மட்டும் படித்தவருக்கு அதில் குறை தெரிந்திருக்காது. உறக்கத்தையும் நினைவில் வைத்துப் படித்தவருக்கே தெரிந்திருக்கும்.

2019இல் வெளிப்பட்டது இன்னும் நுட்பமானது. ஏ.எம்.டி.யின் பழைய செயலிக் குடும்பங்கள் இரண்டில், தற்செயல் எண் தரும் கட்டளை உறக்கத்துக்குப் பின் சில கணினிகளில் எப்போதும் ஒரே விடையைத் தந்தது. எல்லாப் பிட்டுகளும் ஒன்று. அதோடு, கட்டளை வெற்றி என்றும் அறிவித்தது. மறைகுறிகளுக்குச் சாவி உண்டாக்கப் பயன்படும் எண் இது. யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. பயாஸில் குறையைச் சரிசெய்வது ஒவ்வொரு தயாரிப்பாளரின் கையில் இருந்தது. அதற்காகக் காத்திராமல், அந்தச் செயலிகளில் அப்படியொரு கட்டளையே இல்லை என்று மற்ற நிரல்களிடம் சொல்லும்படி கெர்னலை அந்த ஆண்டு ஆகஸ்டில் மாற்றினார்கள்.

இந்த உறக்கமே இப்போது அருகி வருகிறது. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த முறையைத் தொடர்ந்து, செயலியை முழுதாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் வைக்கும் வழக்கம் பரவியது. லினக்ஸும் 2013இல் அதற்கு இடம் தந்தது. இன்று விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்-3 கிடையாது. அரைத்தூக்கத்திலிருந்து எழ 1978க்குப் போகவேண்டியதில்லை. பதிலுக்கு, பைக்குள்ளே கணினி சூடாகி மின்கலம் தீர்ந்துபோகும் புதிய தொல்லை வந்து சேர்ந்தது. அந்தப் பழைய பிறப்பு வடிவத்தையே நீக்கிவிட இன்டெல் 2023இல் முன்வைத்த திட்டமும் 2024 டிசம்பரில் கைவிடப்பட்டது. மூதாதை இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

இந்த வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவுமில்லை. ஓர் எழுத்து, ஒரு காவல் எண், கலைந்த கடிகாரம், நான்கு ஒலிகள். சொந்தமாகச் சோதிக்க முடியாத கணினிகளுக்காக, தயாரித்தவர்கள் சொல்லாததை ஊகித்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வரிக்கு வரி படித்து, 'இங்கே விழுந்தால் யாருக்கும் தெரியாமல் போகுமே' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மேலே சொன்ன தந்திரங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள். நிரலும் அதன் நியாயமும் பொதுவில் இருந்ததனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடைத்தார்கள். பயாஸ் என்னும் மூடிய பெட்டிக்குள் அதே கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களா என்பதை நாம் எழாத கணினிகளைக் கொண்டே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.